ஒரு கப்பலுக்கு நாலு வாய்

வர மாட்டேன் என்றாள் முதலில்.
வைஃபை இருந்தால் யோசிக்கிறேன் என்றாள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பையை வாசலில் வைத்துவிட்டு
காதில் இரண்டு வெள்ளை விதைகளோடு
லிஃப்டுக்குக் காத்து நின்றாள் திஷாலினி.

பதினேழு வயது, பத்து மாதம்.
பயணச்சீட்டு விற்றவன் கணக்கில் பெரியவள்,
முழுக் கட்டணம்.
சூதாட்டக் கூடத்து வாசலில் நின்றவன் கணக்கில் சின்னவள்,
"மாஃப், அடேக்" என்று கையைக் குறுக்கே நீட்டினான்.
ஏழாம் தளத்தில் பந்துக்குளம்.
தம்பி ஹர்வின் அதில் குதித்துக் காணாமல் போனான்.
இவள் உயரத்துக்கு அந்தக் கப்பலில்
ஒரு கதவும் செய்திருக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
என் பதினோரு மாத இரவு ஓவர்டைம் இந்தப் பயணம்.
சன்னல் இல்லாத அறை. நான்கு கட்டில்,
இரண்டு சுவரிலிருந்து இறங்குபவை.
மேல்கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"மூணு நாளும் நாலு பேரும் இதுக்குள்ளயா?"
எல்லாவற்றுக்கும் சிரிக்கிற அவள் அப்பா
அதற்கும் சிரித்தார்.
நான் சாவி அட்டையை நீட்டினேன்.
எங்கே வேண்டுமானாலும் போ,
எட்டரைக்குச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடு.
நடுக்கடலில் எங்கே போய்விடுவாள்
என்றுதான் நினைத்தேன்.
நீட்டிய கையை மடக்கத்தான்
கொஞ்ச நேரம் ஆயிற்று.

எஸ்.பி.எம். முடிந்து ஐந்து வாரம்.
மெட்ரிகுலேஷனுக்கு லாபுவான் கிடைத்தாலும் போவேன் என்கிறாள்.
ஒரு ராத்திரி, வேலை இடைவேளையில்,
லாபுவான் எங்கே இருக்கிறது என்று
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தேமுக்காலுக்குக் கப்பல் துறையை விட்டது.
மணிக்கூண்டு நகர்ந்தது, கோட்டைச் சுவர் நகர்ந்தது.
மேல்தளத்தில் எல்லாரும் ஜார்ஜ்டவுன் பக்கம்
கைப்பேசியை உயர்த்தி நிற்க
அவள் மட்டும் பட்டர்வொர்த் பக்கம், தனியாக.
நான் பத்தடி தள்ளி நின்றேன்.
பத்தடி, இந்த வருடம் நாங்கள் கண்டுபிடித்த தூரம்.
ஓரடி குறைந்தால் அவள் தோள் சுருங்கும்.
ஓரடி கூடினால் நான்
எதையாவது கேட்கத் தொடங்கிவிடுவேன்.
பசியாறினியா, குளிருதா, யார் மெசேஜ்.

மூன்று வயதில் எங்கள் ஒன்பதாம் மாடிச் சன்னலில்
போகிற கப்பலுக்கெல்லாம் கை ஆட்டுவாள்.
சோறு ஊட்ட எனக்கு அது வசதி.
ஒரு கப்பலுக்கு நாலு வாய்.
மீன்பிடிப் படகு என்றால் ஒன்றுதான்,
அதுவும் கெஞ்ச வேண்டும்.

கர்னி சாலை விளக்குகள் பின்னால் போன நேரம்
"ம்மா" என்று குரல்.
பத்தடியையும் அவளே கடந்து வந்திருந்தாள்.
கைப்பேசித் திரையை இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள்.
தஞ்சோங் தோக்கோங். எங்கள் புளோக்.
கீழிருந்து எண்ணினால் ஒன்பது.
துணிக்கம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு,
அதில் நீலமாக, நகக்கண் அளவு.

அவளுடைய பள்ளிச் சீருடை.
ஆறாம் மாடி மேகலா மகளுக்குக் கொடுக்கலாம் என்று
காலையில் துவைத்துப் போட்டது.
"எடுக்க மறந்துட்டீங்களா?"
மறந்துவிட்டேன்.
பாஸ்போர்ட் நாலு, தலைவலி மாத்திரை, மைலோ பாக்கெட்,
கேஸை மூன்று முறை திருகிப் பார்த்தேன்,
அதை மறந்துவிட்டேன்.
மலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது.
"மழை வருது லா."
"திங்கட்கிழமை வரைக்கும் அங்கதான் கெடக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நனையட்டும்" என்றாள்.
சிரித்தாள் என்று சொல்ல முடியாது.
ஒரு காதிலிருந்த விதையைக் கழற்றி
சட்டைப் பைக்குள் போட்டாள்.
இன்னொரு காதில் ஏதோ பாடிக்கொண்டேதான் இருந்தது,
எனக்குக் கேட்கவில்லை.

புளோக் சிறுத்தது. கம்பு மறைந்தது.
மழை இறங்கி எது சன்னல் எது சுவர் என்று
தெரியாமல் போகும்வரை
பக்கத்திலேயே நின்றாள்.

"பசிக்குதும்மா."

மணி ஆறரைகூட ஆகவில்லை.